தாகத்துக்கு மேல் குடித்த தண்ணீர்

கேள்வி: வயது 43, பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். எடை 72 கிலோ. ஜனவரி கடைசியில் முதல் முழு மராத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். சித்திரையிலிருந்து பயிற்சி. 2 கிலோமீட்டருக்கு ஒரு தடவை 250 மி.லி. தண்ணீர் என்று அப்போதே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கோடை முழுக்க அது சரியாகவே இருந்தது. சென்ற ஞாயிறு விடியற்காலை அம்பை ரோட்டில் 30 கிலோமீட்டர், 3 மணி 45 நிமிடம். கிளம்பும் முன் அரை லிட்டர், வழியில் அதே கணக்குப்படி தண்ணீர், இரண்டு வாழைப்பழம். ஒரு தடவைதான் சிறுநீர் போனது. முட்டிவலிக்காகக் காலையில் ஒரு வலி மாத்திரை போட்டிருந்தேன். கடைசி 5 கிலோமீட்டரில் தலை பாரம், குமட்டல்; மோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. கூட ஓடும் அண்ணாச்சி, 'சார்வாள், தண்ணி காணாது, இன்னும் குடிங்க' என்று பாட்டிலை நீட்டினார். எனக்குத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வீட்டில் எடை பார்த்தால், காலையில் தண்ணீர் குடிக்கும் முன் 72.0, வந்த பின் 72.7. ஓடினால் எடை குறையத்தானே வேண்டும்? எனக்குத் தண்ணீர் போதவில்லையா? இளநீர், மோர், ஓஆர்எஸ் இவற்றில் எதை எடுப்பது?

பதில்: அண்ணாச்சி நீட்டிய பாட்டிலை நீங்கள் வாங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. உங்களுக்குத் தண்ணீர் கூடிப்போய்விட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது அந்த 700 கிராம்தான். நனைந்த டி-ஷர்ட்டோடு எடை மெஷினில் ஏறியிருந்தால் அதில் இருநூறு முந்நூறு கிராம் போகலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் மூன்றே முக்கால் மணி நேரம் ஓடிய உடம்பு எடை கூடி வீடு திரும்பக் கூடாது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 15 தடவை 250 மி.லி. என்றால் 3,750. கிளம்பும் முன் 500. ஆக 4,250 மி.லி. வாழைப்பழம் இரண்டும் சுமார் 200 கிராம். உள்ளே போனது 4,450. இதில் உடம்பில் தங்கியது 700, சிறுநீராகப் போனது 300 என்று வைப்போம். மீதி 3,450. இது பெரும்பாலும் வியர்வை. 3.75 மணியால் வகுத்தால் மணிக்கு 920 மி.லி. உங்கள் வேகத்தில் 2 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் என்பது மணிக்குச் சரியாக 1 லிட்டர். வியர்வையாக வெளியே போனதை விடக் குடித்தது அதிகம்.

கோடையில் ஏன் இது நடக்கவில்லை? சித்திரை வெயிலில் உங்களைப் போன்றவருக்கு மணிக்கு 1.3, 1.4 லிட்டர் வியர்வை போவது சாதாரணம். அப்போது 1 லிட்டர் குடித்தாலும் உடம்பில் கொஞ்சம் குறைவுதான். மார்கழி விடியலில் வியர்வை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. குடிக்கும் கணக்கு மட்டும் சித்திரையிலேயே நின்றுவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதன் விளைவு சின்ன விஷயம் இல்லை.

ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் தாது, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (ரத்தப் பரிசோதனையில் போடும் அளவு) வரை இருக்க வேண்டும். வியர்வையில் உப்பு போகிறது, அந்த இடத்தை வெறும் தண்ணீர் நிரப்புகிறது, ரத்தம் நீர்த்துப்போகிறது. சோடியம் 135-க்குக் கீழே இறங்கினால் தண்ணீர் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். விரல் வீங்கினால் மோதிரம் இறுகும், அதோடு சரி. மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளைக்கு வீங்க இடம் கிடையாது. தலை பாரமும் குமட்டலும் அதன் முதல் குரல். இன்னும் இறங்கினால் வாந்தி, பிதற்றல், வலிப்பு, மூச்சுத் திணறல் என்று போகும். உயிர் போனதும் உண்டு. உங்கள் சோடியம் அன்று எவ்வளவு இருந்தது என்பது ரத்தம் எடுத்திருந்தால்தான் தெரிந்திருக்கும். மோதிரம் இறுகுவது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். கையைத் தொங்கப் போட்டு நெடுநேரம் நடந்தாலே விரல் கொஞ்சம் தடிக்கும். எடை கூடி, குமட்டி, தலையும் பாரமாக இருந்தால் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985-லேயே நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இதைப் பார்த்து எழுதினார். 2002 பாஸ்டன் மராத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. அவர்களிடம் பளிச்சென்று தெரிந்த அடையாளம், ஓட்டத்தின் நடுவே எடை கூடியிருந்ததுதான். 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அந்தப் பட்டியலில் அதிகம். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமே கிடைக்காது. நிதானமாக ஓடுகிறவர்தான் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று முழு டம்ளரையும் குடித்துவிட்டுப் போவார். நீங்கள் 5 மணி நேரக்காரர். இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

"கூடினால் சிறுநீராகப் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது போய்விடும். ஓடும்போது வலி, குமட்டல், உடம்பு படும் பாடு எல்லாம் சேர்ந்து வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். அது சிறுநீரகத்தைப் பார்த்து 'தண்ணீரை விடாதே' என்று சொல்லும். அதனால்தான் நாலேகால் லிட்டர் குடித்தும் உங்களுக்கு ஒரு தடவைதான் போனது. போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, முட்டிவலி மாத்திரை, அதுவும் இதில் கூட்டு. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, தண்ணீரை வெளியேற்றும் திறனையும் மட்டுப்படுத்தும். உடம்பில் நீர் குறைந்த நிலையில் போட்டால் சிறுநீரகத்துக்கு நேரடியாகவே கேடு. நெடுந்தூரம் ஓடும் நாளில் அந்த மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காகக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சோடியம் இன்னும் சுலபமாக இறங்கும். இதைப் படிக்கும் மற்றவர்களில் அப்படி யாரும் இருந்தால், மராத்தானுக்குப் பெயர் கொடுக்கும் முன் மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி, எவ்வளவு குடிப்பது? உங்களுக்கான எண்ணை உங்கள் எடை மெஷின்தான் சொல்லும். 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் மெஷின் போதும். தரை சமமாக இருக்கட்டும், பாயின் மேல் வைக்காதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு மட்டும் ஏறி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் தனியாக நிறுத்துக் குறியுங்கள். போட்டியன்று ஓடப்போகும் வேகத்தில் சரியாக 1 மணி நேரம் ஓடுங்கள். வந்ததும் தலைமுடி, முதுகு எல்லாம் துண்டால் அழுந்தத் துடைத்து, நனைந்த துணியைக் களைந்து, சிறுநீர் போகும் முன் மறுபடி ஏறுங்கள். குறைந்த எடையோடு, பாட்டிலில் குறைந்ததைக் கூட்டினால் அதுதான் உங்கள் ஒரு மணி நேர வியர்வை. 72.0 கிலோ 71.4 ஆகி, 300 மி.லி. குடித்திருந்தால், 900. அப்போதைய வெப்பநிலை, காற்று, நேரம் மூன்றையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவை இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

நம் ஊரில் இதை வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் காணாது. சித்திரை, ஆடி, ஐப்பசி, மார்கழி என்று நாலு தடவையாவது வேண்டும். இதில் ஆட்களை ஏமாற்றுவது ஆடிதான். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும்போது திருநெல்வேலியில் மழை இருக்காது, மேலக்காத்து மட்டும் ஆளைத் தள்ளும். வியர்வை வந்ததும் காய்ந்துவிடுவதால் 'இன்னிக்கு வேர்க்கவே இல்ல' என்று தோன்றும். கறுப்பு டி-ஷர்ட்டில் முதுகுப் பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். ஐப்பசியில் நேர் எதிர்: காற்றில் ஈரம், வியர்வை காயாமல் சொட்டும். சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, காய்ந்த வியர்வைதான் குளிர்விக்கும். அதனால் உடம்பு இன்னும் இன்னும் வியர்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஜனவரிப் போட்டி கடலோர ஊரில் என்றால் அம்பை ரோட்டில் கிடைத்த 920 அங்கே செல்லாது. ஒரு ஞாயிறு திருச்செந்தூர்ப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ போய் ஓடி அளந்துவிட்டு வாருங்கள்.

இப்போதைக்கு 920 என்றே வைத்துப் போட்டிக்குக் கணக்குப் போடுகிறேன். உங்கள் வேகத்தில் 42.195 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தே கால் மணி நேரம். மொத்த இழப்பு 4.8 லிட்டர் வரை. அத்தனையையும் திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. உடல் எடையில் 2 சதவீதம், உங்களுக்கு 1.4 கிலோ வரை குறைந்து ஓடி முடிப்பது சரியான நிலை. அந்த 1.4 கிலோவும் முழுக்கத் தண்ணீர் இல்லை; எரிந்துபோன மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த நீரும் அதில் அடக்கம். ஆக 4.8-ல் 1.4 போக, 3.4 லிட்டர். மணிக்கு 650 மி.லி. இதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். தாகம் இல்லாவிட்டால் 500 போதும். அளவைத் தாண்டிப் போக எந்தக் காரணமும் இல்லை. 'இன்னும் குடிங்க' என்று யார் சொன்னாலும் சரி.

ஓடும்போது மி.லி. எப்படி அளப்பது? மடக்கை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பாட்டிலை நிரப்பி, ஓடிவிட்டு வந்த மூச்சோடு 10 மடக்குக் குடித்து, மீதியை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். பலருக்கு ஒரு மடக்கு 25 முதல் 35 மி.லி. வரை வரும். 30 என்று வந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மடக்கு, 180 மி.லி.; மணிக்கு 540. தண்ணீர்ப் பந்தலில் காகிதக் குவளை கொடுத்தால் வாய்ப்பக்கத்தைக் கிள்ளி மூக்குப் போல ஆக்கிக்கொண்டு, பத்தடி நடந்தபடியே குடியுங்கள். ஓடிக்கொண்டே அண்ணாந்து ஊற்றினால் பாதி மூக்கில் போகும், காற்றும் சேர்ந்து வயிறு உப்பும். மிச்சத் தண்ணீரைப் பிடரியிலும் கையிலும் ஊற்றிக்கொள்ளலாம். வெயில் ஏறிய பின் அதுவும் இதமாக இருக்கும்.

கிளம்பும் முன் குடித்த அரை லிட்டர் தப்பில்லை, நேரம்தான் தப்பு. கிலோவுக்கு 5 முதல் 7 மி.லி., உங்களுக்கு 360 முதல் 500 வரை, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் போக வேண்டும். அப்போதுதான் கூடியது சிறுநீராகக் கழிந்துவிடும். 5 மணிக்கு ஓட்டம் என்றால் 3 மணிக்கு எழுந்து குடியுங்கள். அவ்வளவு சீக்கிரம் முடியாவிட்டால் இரவு உப்பு சேர்ந்த சாப்பாட்டோடு நன்றாகக் குடித்துவிட்டு, காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். ஒரு டம்ளர் டீ குடிப்பதால் உடம்பு வற்றிவிடாது, பழகியவர்கள் விட வேண்டாம்.

அடுத்து, எதைக் குடிப்பது. முதலில் ஒரு தவறான நம்பிக்கையை எடுத்துவிடுகிறேன். 'உப்புப் போட்டுக் குடித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்' என்பார்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை முறையாக 1 லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் 20, 30தான் இருக்கும். ரத்தத்தில் இருப்பது 140. 140-க்குள் 75-ஐ ஊற்றினாலும் நீர்க்கத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. அளவு மீறியதை உப்பு காப்பாற்றாது. அளவோடு குடிப்பவருக்குத்தான் உப்பு உதவும்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது போன சோடியத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து போனால் சிறுகுடலின் சுவர் இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் கருப்பட்டி, 1.5 கிராம் உப்பு, அரை எலுமிச்சம்பழம். உப்பு 1.5 கிராமில் சோடியம் சுமார் 600 மில்லிகிராம் வரும். தூள் உப்பு என்றால் தலை தட்டிய கால் டீஸ்பூன். கல் உப்பை அந்த ஸ்பூனில் அளந்தால் கல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்து அளவு குறையும், அதைத் தராசில் நிறுங்கள். கருப்பட்டியைத் தட்டி வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள்; மண் நிற்கும். அன்று விடியலில் செய்து அன்றே முடித்துவிட வேண்டும், மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். கருப்பட்டி வாசனை ஓடும்போது குமட்டினால் வெள்ளைச் சர்க்கரை போடுங்கள், ஓட்டத்தில் வேலை ஒன்றுதான். 60 கிராமை 100 ஆக்கினால் பலம் கூடாது, வயிறு கலங்கும். சர்க்கரை 8 சதவீதத்தைத் தாண்டினால் வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும், குலுங்கிக்கொண்டே கிடக்கும்.

பதநீரை ஓட்டத்தின் நடுவே வேண்டாம் என்பதும் இதனால்தான். அதில் சர்க்கரை 10 சதவீதத்துக்கு மேல். ஓடி முடித்து நிழலில் உட்கார்ந்து ஒரு பட்டையில் குடியுங்கள், யார் தடுத்தார்கள். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீர் மட்டும் குடித்துவிட்டு உப்பு ஈடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூடவே உப்புப் போட்ட இட்லி சாம்பார் போனால் சரி. மோரும், பழைய சோற்று நீத்தண்ணியும் ஓடி முடித்த பிறகு மிக நல்லவை. ஓட்டத்தின் நடுவே புளிப்பு மோர் சிலருக்கு எதுக்களித்துக்கொண்டு வரும்.

ஓஆர்எஸ் வாங்கினால் மருந்துக் கடையில் பொடி பாக்கெட்டாக வாங்கி, 1 லிட்டருக்கான கலவையில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று இருக்கிறதா பாருங்கள். டெட்ரா பேக்கில் அந்தப் பெயரைப் போட்டு விற்றவற்றில் பல, வெறும் சர்க்கரைப் பானம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒத்துப்போகாதவை அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. ஒரு லிட்டர் பொடியை அரை லிட்டர் பாட்டிலில் கரைப்பது நம்மவர்களிடம் உள்ள பெரிய தப்பு. அது கெட்டியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைப் பிடுங்கும்.

கெண்டைக்கால் சதை பிடிப்பதற்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று உங்கள் குழுவிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரே சதை மட்டும் பிடித்தால் அது பெரும்பாலும் அந்தச் சதை களைத்துப்போனது; நின்று நீட்டி இழுத்து விட்டால் விட்டுவிடும்.

அன்று போல மறுபடி ஆனால் என்ன செய்வது என்பதை அண்ணாச்சிக்கும் படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் அப்போது முடிவெடுக்கப் போவது கூட இருப்பவர்தான். வாய் வறண்டு, தாகம் எடுத்து, எடை குறைந்து, எழுந்தால் கிறுகிறுத்தால் அது நீர்க்குறைவு. படுக்கவைத்துக் காலை உயர்த்தி, குடிக்கக் கொடுக்கலாம். தாகமே இல்லாமல் குமட்டி, வயிறு தளும்பி, விரல் தடித்திருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்; சிறுநீர் தாராளமாகப் போகும் வரை ஒன்றும் குடிக்க வேண்டாம், உப்புக் கடலை, ஊறுகாய் என்று உப்பாக ஏதாவது மெல்லலாம். பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. அந்த இடத்திலேயே தண்ணீரை ஊற்றி, ஐஸ் கிடைத்தால் உடம்பு முழுக்க வைத்துக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். உடம்பு கொதிக்காமல் பிதற்றலோ, வலிப்போ, விடாத வாந்தியோ இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'மயங்கிட்டார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க' என்று கேட்பது நம் வழக்கம். சோடியம் இறங்கியவருக்கு வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல்தான். 'ஓடும்போது நாலு லிட்டர் தண்ணீர் குடித்தார், முதலில் சோடியம் பாருங்கள்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்கே 3 சதவீத உப்புக் கரைசலை 100 மி.லி.யாக ஏற்றுவார்கள், பலருக்கு அதிலேயே தெளிவு வந்துவிடும்.

வரும் ஞாயிறு 30 வேண்டாம், 16 கிலோமீட்டர் போதும். மணிக்கு 550 மி.லி., மேலே சொன்ன கலவை, மாத்திரை இல்லாமல். உங்கள் வேகத்தில் 2 மணி நேரம் ஆகும். வந்து எடை பார்த்தால் 72.0 என்பது 71.2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 71.8-க்கு மேல் நின்றால் மணிக்கு 100 மி.லி. குறையுங்கள். 70.6-க்குக் கீழே போனால் 100 கூட்டுங்கள். இரண்டு ஞாயிறு இப்படித் திருத்தினால் போட்டிக்கான எண் கையில் வந்துவிடும்.

மாத்திரை போட்டுத்தான் ஓட முடிகிறது என்றால் அந்த முட்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். வலி முட்டியின் முன்புறமா, வெளிப்பக்கமா, எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்குகிறது, படி இறங்கும்போது கூடுகிறதா, ஷூ வாங்கி எத்தனை கிலோமீட்டர் ஓடியாயிற்று, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள்.